அந்த எட்டு நாட்கள்

நம் வாசகர் வட்டத்தின் சென்ற கூடுகைக்கு அன்னை தெரசாவின் கடிதத் தொகுப்பை எடுத்துக்கொண்டோம். அவர் மறைந்து பத்தாண்டுகள் ஆகியிருந்த 2007இல் வெளிவந்து, உலகெங்கும் பரபரப்பாகப் பேசப்பட்ட நூல் அது. வந்த சூட்டிலேயே வாங்கிப் படித்தவர்கள் நம்மில் சிலர் உண்டு. மறுபடியும் அதை எடுத்துப் பார்க்கத் தோன்றியதற்குக் காரணம் வட்டத்தின் நெடுநாளைய நண்பர் ஒருவர். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

நம்மில் ஞாயிறு தவறாமல் ஆலயம் செல்கிறவர்கள் இருக்கிறார்கள். எந்தக் கோயில் வாசலையும் மிதிக்காதவர்களும் இருக்கிறார்கள். ஆகவே தேநீர் வருவதற்குள்ளாகவே இரண்டு அணிகள் உருவாகிவிட்டன. 'பார்த்தீர்களா, அவருக்கே நம்பிக்கை இருக்கவில்லை' என்றது ஓர் அணி. 'பார்த்தீர்களா, அத்தனை இருளிலும் அவர் தளரவில்லை' என்றது மற்றது. இரண்டு மணி நேரம் இப்படியே போயிற்று. நண்பர் மட்டும் ஒரு சொல்லும் பேசாமல் எழுந்து போனதை நாம் தாமதமாகத்தான் கவனித்தோம். அன்றைய பேச்சில் முக்கியமான எதையோ தவறவிட்டுவிட்டோம் என்ற உறுத்தலே இக்கட்டுரையை எழுதவைக்கிறது.

கடிதங்களின் பின்னணியைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்ளலாம். 1946 செப்டம்பர் 10 அன்று டார்ஜிலிங் நோக்கிய ரயில் பயணத்தில், வறியவரிலும் வறியவருக்குத் தொண்டு செய்யக் கிறிஸ்து தம்மை அழைத்ததாக அன்னை உணர்ந்தார். அதைத் தொடர்ந்த மாதங்களில் அந்தக் குரல் அவருக்கு உரையாடலைப் போலவே தெளிவாகக் கேட்டது. 1948இல் லொரெட்டோ மடத்தை விட்டு வெளியேறிக் கல்கத்தாவின் சேரிகளுக்குள் நுழைந்தார். 1950 அக்டோபர் 7இல் அவருடைய சபைக்கு ஒப்புதல் கிடைத்தது. பணி தொடங்கிய அதே காலத்தில் குரல் நின்றுபோனது. 1958 அக்டோபரில், மறைந்த பன்னிரண்டாம் பயஸ் போப்பாண்டவருக்கான இரங்கல் திருப்பலியின்போது ஒரு சிறு வெளிச்சம் வந்து சில வாரங்கள் நின்றது. பிறகு மறுபடியும் இருள். அவருடைய இறுதிவரை அது நீங்கவில்லை என்கிறார் தொகுப்பாசிரியர் பிரையன் கொலோடியெச்சுக். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள்.

இந்த இருளை வெறும் மனச்சோர்வு என்று ஒதுக்கிவிட முடியாது. கிறிஸ்துவையே விளித்து அவர் எழுதிய ஒரு தாளில், கடவுள் இல்லாமற்போனால் ஆன்மா என்பதற்கு என்ன பொருள் மிஞ்சும், இயேசுவுக்குத்தான் என்ன பொருள் மிஞ்சும் என்ற இடம்வரைக்கும் போய்விடுகிறார். 1979 டிசம்பரில் ஓஸ்லோவில் நோபல் பரிசு பெற்று, ஏழைகளிடத்தில் வாழும் கிறிஸ்துவைப் பற்றி உலகுக்குச் சொன்னவர், அதற்கு மூன்று மாதங்கள்கூட முந்தாத ஒரு கடிதத்தில், பார்த்தால் காணவும் செவிகொடுத்தால் கேட்கவும் தமக்கு எதுவுமில்லை என்ற பொருள்பட மைக்கேல் வான் டெர் பீட் என்ற குருவிடம் முறையிட்டிருக்கிறார்.

இக்கடிதங்களை அழித்துவிடும்படி அவர் கேட்டுக்கொண்டார் என்பது பலருக்கும் தெரிந்த செய்தி. மக்கள் தம்மைப் பெரிதாகவும் இயேசுவைச் சிறிதாகவும் எண்ணத் தொடங்கிவிடுவார்கள் என்பது அவர் சொன்ன காரணம். பெற்றவர்கள் எல்லாவற்றையும் அழிக்கவில்லை. புனிதர் பட்டத்துக்கான விசாரணையின்போது அவை வெளிவந்தன. அவ்வழக்கை நடத்திய குருவே அவற்றைத் தொகுத்தும் வெளியிட்டார். எழுதியவரின் விருப்பத்தை மீறி அச்சேறிய எழுத்துகளால்தான் நவீன இலக்கியத்தின் பாதி நமக்குக் கிடைத்திருக்கிறது என்று, காஃப்காவை நினைவில் வைத்து, நம்மில் ஒருவர் வாதாடினார். ஏற்கலாம். ஆனால் காஃப்காவின் நாவல்களைப் படிக்கும்போது வராத கூச்சம் இங்கே வருகிறது. மூடிய கதவுக்குப் பின்னால் ஒருவர் அழுவதை நாம் தாழ்வாரத்தில் நின்று கேட்கிறோம்.

அந்தக் கதவைத் திறந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதே நம் கேள்வி. 1995இல் அன்னையைக் கடுமையாக விமர்சித்து நூல் எழுதிய கிறிஸ்டோஃபர் ஹிட்சென்ஸ், 2007இல் இக்கடிதங்களைத் தம் தரப்புச் சாட்சியாக எடுத்துக்கொண்டார். மதம் மனிதன் கட்டியது என்பதை அன்னையின் உள்ளமே கண்டுகொண்டுவிட்டது என்பது அவர் வாதத்தின் சாரம். திருச்சபைத் தரப்போ, பதினாறாம் நூற்றாண்டின் சிலுவை யோவான் தந்த 'ஆன்மாவின் இருண்ட இரவு' என்ற கருத்தை எடுத்து, அந்த ஐம்பது ஆண்டுகளையும் அதற்குள் அடக்கியது. அது ஐயம் அன்று, விசுவாசத்தின் சோதனை. அன்று, சோதனைகூட அன்று, கிறிஸ்துவின் தனிமையில் பங்குபெறும் பேறு. நாம் ஹிட்சென்ஸின் தரப்பிலும் இல்லை, விளக்கவுரைகளின் தரப்பிலும் இல்லை. ஒருவர் 'எனக்குத் தெரியவில்லை' என்று சொல்லி வாயை மூடுவதற்குள், அவருக்கு என்ன தெரிந்திருக்கிறது என்று சொல்லிவிடும் அவசரம் இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருக்கிறது. அன்றைய கூடுகையில் நம்மிடமும் இருந்தது அதுதான்.

இந்த அவசரத்துக்கு ஒரு முன்கதை உண்டு. அன்னை தம் துறவுப் பெயராக ஏற்றது லிசியூ நகரத்துத் தெரேசாளின் பெயரை. பிரான்சின் அந்தக் கார்மல் கன்னி 1897 செப்டம்பர் 30இல், இருபத்துநான்கு வயதில், காசநோயால் இறந்தார். நம்மூர்க் கத்தோலிக்க வீடுகளில் ரோஜாக்களை ஏந்தி நிற்கும் அந்தச் 'சிறுமலர்' படத்தை அறியாதவர் குறைவு. அவருடைய கடைசி ஒன்றரை ஆண்டுகளை அறிந்தவர் அதைவிடக் குறைவு. 1896ஆம் ஆண்டின் ஈஸ்டரிலிருந்து, விண்ணகம் என்ற ஒன்று உண்டா என்ற கேள்வி அவரை விடாமல் பற்றிக்கொண்டது. விசுவாசப் பிரமாணத்தைத் தம் இரத்தத்தாலேயே எழுதி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். நம்பிக்கை அற்றவர்கள் உண்ணும் மேசையில் தாமும் அமர்ந்திருப்பதாக எழுதினார். அவர்களைவிட்டு எழுந்துபோகவும் அவர் விரும்பவில்லை. அவர் இறந்த மறு ஆண்டு வெளிவந்த தன்வரலாற்றை, மடத்தில் உடனிருந்த அவருடைய சொந்த அக்காவே ஏராளமாகத் திருத்தி மெருகேற்றித்தான் அச்சுக்கு அனுப்பினார். மூலக் கையெழுத்துப் படிகள் உள்ளபடியே வெளிவர 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அக்காவைக் குறைசொல்ல மனம் வரவில்லை. அன்பால் செய்த திருத்தம் அது. அன்பால் செய்யப்படும் திருத்தங்களுக்குத்தான் மறுப்புச் சொல்வது கடினம்.

இவ்விடத்தில் தோமாவிடம் போக வேண்டியிருக்கிறது. ஐயம் என்றதும் கிறிஸ்தவ உலகம் முழுவதும் அவரைத்தான் கைகாட்டுகிறது. தமிழிலும் 'சந்தேகத் தோமா' என்ற பட்டப்பெயர் நிலைத்துவிட்டது. கி.பி. 72இல் அவர் இரத்தசாட்சியாக இறந்த இடம் என்று மரபு சொல்லும் பரங்கிமலை, சென்னையில் விமானங்கள் இறங்கும் தடத்துக்கு அருகிலேயே இருக்கிறது. இத்தனை அருகில் இருந்தும், யோவான் நற்செய்தியின் இருபதாம் அதிகாரத்தை நாம் சரியாகப் படித்ததில்லை என்றே தோன்றுகிறது.

முதல் ஞாயிறன்று, பூட்டிய வீட்டுக்குள் உயிர்த்த இயேசு வந்தபோது, தம் கைகளையும் விலாவையும் சீடர்களுக்குக் காட்டினார். அதன் பிறகே அவர்கள் மகிழ்ந்தார்கள். தோமா அப்போது அங்கே இல்லை. ஆகவே அவர் கேட்டது மற்றவர்களுக்குக் கேளாமலேயே கிடைத்ததற்குச் சற்றுமேல், அவ்வளவுதான். கல்லறையிலிருந்து ஓடிவந்த பெண்களின் சொல்லைப் பிதற்றல் என்று தள்ளியவர்களும் இதே சீடர்கள்தாம் என்கிறது லூக்காவின் நற்செய்தி. மத்தேயுவோ, கலிலேயாவின் மலைமேல் உயிர்த்தவரை நேரில் கண்டு வணங்கிய கணத்திலும் சிலர் ஐயுற்றார்கள் என்று எழுதிவிட்டு, விளக்கம் எதுவுமின்றி அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுகிறார். பெத்தானியாவுக்குத் திரும்புவது ஆபத்து என்று தெரிந்தபோது, அவரோடு சாகவும் போவோம் என்று முதலில் சொன்னவர் தோமாதான். அந்தத் தோமாவை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. கரவாஜ்ஜியோ 1600களின் தொடக்கத்தில் வரைந்த ஓவியத்தில் அவருடைய விரல் காயத்துக்குள் நுழைந்து நிற்கிறது. நற்செய்தியில் தொட அழைப்புத்தான் இருக்கிறது. தொட்டதாக ஒரு சொல்லும் இல்லை.

ஆனால் நம்மை நிறுத்திவைப்பது இவை எதுவுமன்று. இரண்டு வசனங்களுக்கு இடையில் நற்செய்தியாளர் ஒரே சொல்லில் தாண்டிப்போகும் காலம். தோமா மறுத்ததற்கும் இயேசு மறுபடி வந்ததற்கும் இடையில் எட்டு நாட்கள். எட்டு நாட்கள் கழித்துச் சீடர்கள் அதே வீட்டுக்குள் இருந்தார்கள், தோமாவும் அவர்களோடு இருந்தார் என்கிறது நற்செய்தி. அந்த எட்டு நாட்கள் எப்படிக் கழிந்தன? பத்துப் பேர் கண்டோம் என்கிறார்கள். ஒருவர் நம்பமாட்டேன் என்கிறார். ஒரே வீடு, ஒரே அப்பம், ஒரே பூட்டிய கதவு. அவர்கள் அவரை வெளியே அனுப்பவில்லை. அவரும் போகவில்லை. சாப்பிடும்போது என்ன பேசிக்கொண்டார்கள்? இரவில் யாராவது அவரை எழுப்பி மறுபடி சொல்லிப் பார்த்தார்களா? பேதுருவுக்குச் சிரமமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் மறுதலித்த இரவு அவருக்கும் மறந்திருக்காது. எட்டாம் நாளின் அதிசயத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் உண்டு. முதல் நாளுக்கும் எட்டாம் நாளுக்கும் இடையில் அந்தப் பத்துப் பேர் செய்ததைப் பற்றி ஒரு பிரசங்கத்தையும் நாம் கேட்டதில்லை.

இதில் தமிழுக்கென்று ஒரு தனிச் சிக்கலும் இருக்கிறது. பவுல் கொரிந்தியருக்குச் சொல்லும் மூன்று பெரும் பண்புகள், சீர்திருத்தச் சபைகள் வழிவழியாகப் படித்துவரும் மொழிபெயர்ப்பில் விசுவாசம், நம்பிக்கை, அன்பு. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் அவையே நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்று இடம் மாறி அமர்ந்தன. முன்னதில் இரண்டாவதாக இருந்த சொல் பின்னதில் முதலாவதாகிவிட்டது. தேவாலயத்துக்கு வெளியே தமிழில் விசுவாசம் என்பது என்ன? நாய்க்கு எஜமானிடம் இருப்பது. தொண்டனுக்குத் தலைவனிடம் இருப்பது. ஐயுறும் விசுவாசி என்று சொல்லும்போதே, உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவன் என்ற தொனி அச்சொல்லின் அடியிலிருந்து எழுந்துவிடுகிறது. கிரேக்க மூலச் சொல்லிலும் உண்மையோடிருத்தல் என்ற பொருள் உண்டு என்பதால் மொழிபெயர்த்தவர்கள் பிழை செய்ததாகச் சொல்ல முடியாது. சொல்லின் ஒரு பாதி நம் ஊரில் அதிகம் வளர்ந்துவிட்டது, அவ்வளவே. எதிர்ப்பக்கம் பார்த்தால் 'ஐயம்' என்ற சொல்லுக்குத் தமிழில் பிச்சை என்ற பொருளும் இருக்கிறது. மாற்கு நற்செய்தியில், வலிப்பு கண்ட மகனைத் தூக்கிவந்த தந்தை, நம்புவதாகவும் தம் நம்பாமைக்கு உதவ வேண்டும் என்றும் ஒரே மூச்சில் கதறுகிறார். அவர் ஐயுறுகிறாரா, ஐயம் கேட்கிறாரா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்த வாக்கியத்தைத் திருத்திச் சொல்லும்படி அவரை யாரும் கேட்கவில்லை, பையன் குணமானான்.

நண்பரின் கதைக்கு வருகிறோம். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறோம். தென்மாவட்டத்துக்காரர். தந்தை ஊர்ப் பள்ளியில் ஆசிரியராகவும், ஐயர் வராத ஞாயிறுகளில் ஆராதனை நடத்தும் உபதேசியாராகவும் இருந்து ஓய்வு பெற்றவர். 2019இல் நண்பரின் நான்கு வயது மகளுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. பதினோரு நாட்கள். அந்தப் பதினோரு நாட்களும் சபையார் உபவாச ஜெபம் இருந்தார்கள். முறைவைத்து இரவில் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் தங்கினார்கள். வீட்டுக்குச் சோறு வந்துகொண்டே இருந்தது. அதையெல்லாம் இன்றும் கண்கலங்காமல் அவரால் சொல்ல முடிவதில்லை. பிள்ளை பிழைப்பாள் என்று தமக்குத் தரிசனம் கிடைத்ததாக ஜெபக்குழுவில் ஒருவர் சொன்னார். பிள்ளை இறந்துபோனாள்.

முப்பதாம் நாள் ஜெபக்கூட்டத்தில் நண்பர் ஒரு கேள்வி கேட்டார். கேட்டவர்களையெல்லாம் குணமாக்கியவர் என்று வாசித்தீர்களே, எங்கள் வீட்டு வாசலை மட்டும் ஏன் தாண்டிப்போனார்? சண்டைக்குக் கேட்டதில்லை என்கிறார். உண்மையிலேயே யாருக்காவது தெரிந்திருக்கும் என்று எண்ணித்தான் கேட்டாராம். கூட்டம் நடத்தியவர் வேதாகமத்தை மூடிவைத்துவிட்டு, 'அப்படிக் கேட்கப்படாது தம்பி, கேட்கச் சொல்லுகிறவன் வேறே ஒருத்தன்' என்றார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது வேறொருவர், வீட்டில் யாருக்கோ விசுவாசக் குறைவு இருந்திருக்கிறது என்று மற்றவரிடம் தாழ்ந்த குரலில் சொன்னது நண்பரின் மனைவி காதில் விழுந்தது. அதன் பிறகு இருவரும் ஆராதனைக்குப் போகவில்லை.

யோபுவின் மூன்று நண்பர்களை இலக்கிய வாசகர்கள் ஏளனமாகவே நினைவு வைத்திருக்கிறோம். ஆனால் அவர்கள் வந்ததும் செய்த முதற் காரியம், ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் உட்கார்ந்து ஒரு சொல்லும் பேசாதிருந்தது. அதற்குப் பிறகு பேச ஆரம்பித்தார்கள், எல்லாம் கெட்டது. நூலின் முடிவில் கடவுள் கோபித்துக்கொள்வது, தம்மை வழக்குக்கு இழுத்த யோபுவின்மேல் அன்று, தமக்காக வாதாடிய அந்த மூவர்மேல். நண்பரின் சபையாரும் பதினோரு நாட்கள் தாழ்வாரத்தில் அமர்ந்தவர்கள்தாம். கேள்வி எழும்வரை அவர்களிடம் ஒரு குறையுமில்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு போக்கும் இப்போது பரவலாகியிருக்கிறது. ஐயமே நம்பிக்கையின் உரம், ஐயுறாதவன் நம்பாதவன் என்றெல்லாம் படித்த போதகர்கள் பேசுகிறார்கள். நம்மைப் போன்ற வாசகர்களுக்கும் அது காதுக்கு இனிமையாக இருக்கிறது. முந்தைய கண்டிப்பைவிட இது மேல் என்பதில் மறுப்பில்லை. எனினும் இதிலும் அதே அவசரம் தெரிகிறது. இன்னும் முளைக்காத விதையைக் காட்டி, இதோ மரம் என்கிறார்கள். எட்டாம் நாள் வருமென்று தெரிந்துகொண்டு தோமாவைப் பாராட்டுவது எளிது. ஒன்பதாம் நாளும் யாரும் வரவில்லை என்றால்? ஓராண்டு ஆகியும் வரவில்லை என்றால்? அன்னை தெரசாவுக்கு எட்டாம் நாள் வந்ததாகக் கடிதங்களில் எங்கும் இல்லை.

அவருக்குக் கிடைத்தது வேறொன்று. 1961இல் ஜோசப் நொய்னர் என்ற இயேசு சபை இறையியலாளரிடம் அவர் மனந்திறந்தார். நொய்னர் அவரிடம் சொன்னவை மிகக் குறைவு: இதற்கு மனித மருந்து எதுவுமில்லை, உணர்வில் தட்டுப்படுவது மட்டுமே கடவுள் இருப்பதற்குச் சான்று ஆகாது, இந்தத் தீராத ஏக்கமே அவர் மறைந்திருப்பதன் அடையாளம். மூன்றாவதை நம்மில் நம்பிக்கையற்றவர்கள் ஏற்கமாட்டார்கள். முதலாவதைப் பாருங்கள். மருந்து இல்லை என்று ஒரு குருவே சொன்னார். அத்தனை ஆண்டுகளில் முதன்முறையாக அந்த இருளை நேசிக்க முடிந்தது என்று அன்னை பதில் எழுதினார். இருள் போகவில்லை, உடன் உட்கார ஓர் ஆள் கிடைத்தார். ஆனால் அவருடைய மடத்துச் சகோதரிகளுக்கு, தினமும் அதே சிற்றாலயத்தில் அவரோடு முழங்காலிட்டவர்களுக்கு, எதுவும் தெரியாது. தாயாக இருப்பவர் பிள்ளைகளிடம் இதைச் சொல்ல முடியாது என்பதும் நமக்குப் புரியத்தான் செய்கிறது.

தஸ்தயேவ்ஸ்கியின் 1854ஆம் ஆண்டுக் கடிதத்தைத் தமிழ் வாசகர்கள் அடிக்கடி எடுத்தாள்வதுண்டு. கல்லறை மூடும்வரை ஐயத்தின் குழந்தையாகவே இருப்பேன் என்றும், உண்மை கிறிஸ்துவுக்கு வெளியே இருப்பதாக நிறுவப்பட்டாலும் கிறிஸ்துவோடே இருக்க விரும்புவேன் என்றும் அதில் எழுதினார். அக்கடிதம் யாருக்கு எழுதப்பட்டது என்பதை மட்டும் நாம் விட்டுவிடுகிறோம். 1850இல் சைபீரியச் சிறைக்குப் போகும் வழியில், தொபோல்ஸ்க் நகரில், கைதிகளுக்குப் புதிய ஏற்பாட்டைக் கொடுத்த பெண்களில் ஒருவரான நடால்யா ஃபான்விசினாவுக்கு. நூலைக் கொடுத்தவரிடமே, என்னால் முழுதாக நம்ப முடியவில்லை என்று அவரால் எழுத முடிந்தது. ஐயத்துக்கு ஒரு முகவரி வேண்டியிருக்கிறது. தெரேசாளுக்குத் தலைமைச் சகோதரி, அன்னைக்கு மூன்று நான்கு குருக்கள், சங்கீதக்காரனுக்கு, விந்தையாக, கடவுளே. மௌனமான கடவுளைப் பற்றிய எண்டோவின் நாவலை இங்கே சேர்க்க வேண்டும்தான். நம் வட்டத்தில் அதைப் பற்றி ஏற்கெனவே போதிய அளவு பேசியாகிவிட்டது.

உனாமுனோவைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1931இல் வெளிவந்த அவருடைய 'புனித மானுவேல்' என்ற குறுநாவலில், ஏரிக்கரைக் கிராமம் ஒன்றின் பங்குக்குரு மறுமையை நம்பாதவர். ஊரார் நிம்மதியாக வாழட்டும் என்று அதை மறைத்துக்கொண்டு, புனிதர் என்று போற்றப்பட்டுச் சாகிறார். திருப்பலியில் ஊரே ஒரே குரலாக விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லும். உயிர்த்தெழுதலும் நிலைவாழ்வும் வரும் வரியில் அவருடைய குரல் மட்டும் அந்தப் பெருங்குரலுக்குள் மூழ்கிக் காணாமற்போகும். அவர் வாயை மூடிக்கொள்கிறார் என்பது கூர்ந்து கேட்பவருக்கே தெரியும். மானுவேலின் முடிவு நமக்கு உடன்பாடில்லை. ஊராரைக் குழந்தைகளாக எண்ணிவிட்டார். அவர்களில் எத்தனை பேர் அதே வரியில் மௌனமாக இருந்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் அந்தக் காட்சி மறக்கக்கூடியதன்று. அவர் சொல்ல முடியாத வரியை ஊர் அவருக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது.

கி.பி. 325இல் நைசியாவில் வகுக்கப்பட்ட பிரமாணம் கிரேக்கத்தில் 'நம்புகிறோம்' என்று பன்மையில்தான் தொடங்குகிறது. வழிபாட்டுக்கு வந்தபோது அது 'நம்புகிறேன்' ஆயிற்று. ஆங்கிலத் திருப்பலியில் 1970களிலிருந்து பன்மையாக இருந்ததை 2011இல் மீண்டும் ஒருமைக்கு மாற்றினார்கள். தமிழிலும் ஒருமையே. ஒவ்வொருவரும் தம் வாயால் அறிக்கையிட வேண்டும் என்பதற்கு இறையியல் காரணங்கள் வலுவாகவே இருக்கக்கூடும். அந்த ஒருமையில், சொல்ல முடியாத ஒருவருக்கு ஒதுங்கி நிற்க இடமில்லாமற்போகிறது என்பதை மட்டும் குறித்துவைக்கிறோம்.

கூடுகைக்கு மறுவாரம் நம்மில் இருவர் நண்பரின் ஊருக்குப் போயிருந்தோம். அன்று ஏன் பேசாமல் போனீர்கள் என்று கேட்டதற்குச் சிரித்தார். நீங்கள் எல்லோரும் அந்த அம்மாவை ஏதாவது ஒரு பக்கம் இழுத்துவிடத்தான் பார்த்தீர்கள் என்றார். பிறகு தந்தையைப் பற்றிச் சொன்னார். பேத்தி இறந்த வீட்டில் முப்பதாம் நாள் ஜெபம் அப்படி முடிந்த அன்றிரவு, தந்தை தம் பழைய வேதாகமத்தை எடுத்துக்கொண்டு வந்து மகனுக்கு எதிரே உட்கார்ந்தார். அறிவுரை வரப்போகிறது என்று இவர் எழுந்திருக்கப் பார்த்தார். தந்தை எதுவும் சொல்லாமல் எண்பத்தெட்டாம் சங்கீதத்தை வாசித்தார். சங்கீதங்களிலேயே ஆறுதலுக்குத் திரும்பாமல் முடிவது அது. இரவும் பகலும் கூப்பிட்டும் முகத்தை மறைத்துக்கொண்ட கடவுளிடம் முறையிடுகிறது. எபிரேயத்தில் அதன் கடைசிச் சொல் இருள். வாசித்து முடித்து, விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். மறுநாளும் அதுவே. ஏறக்குறைய ஒரு மாதம் வேறெதையும் வாசிக்கவில்லை. ஜெபிக்கலாமா என்றுகூடக் கேட்கவில்லையாம். உபதேசியாராக நாற்பது வருஷம் பேசியவர், அப்போது மட்டும் பேசவில்லை என்றார் நண்பர்.

நண்பர் இன்னும் ஆராதனைக்குத் திரும்பவில்லை. திரும்புவாரா என்று நாமும் கேட்கவில்லை. தந்தைக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது, முழங்கால் வலி. ஞாயிறு காலை ஸ்கூட்டரில் அவரைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு, எதிரே வேப்பமரத்தடியில் நாளிதழோடு நண்பர் உட்கார்ந்துகொள்கிறார். உள்ளே பாட்டு, வாசிப்பு, பிரமாணம் எல்லாம் ஒலிபெருக்கியில் கேட்கும். ஆராதனை முடிந்து தந்தை கைத்தடியோடு மெல்ல வந்து பின்னிருக்கையில் ஏறிக்கொண்டதும், இருவரும் கறிக்கடையில் கால் கிலோ ஆட்டுக்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள்.